எந்த லைப்சிக்? டகோட்டா விவசாயக் குடும்பம் ஒன்றின் பூர்வீகத் தேடல்

இது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நான்கு தலைமுறைகளாகக் கோதுமை பயிரிட்டு வந்த ஒரு ஜெர்மானிய வம்சாவளிக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடிய கதை. பழைய ஆவணங்களை வாசித்துப் பொருள் சொல்வதில் அக்குடும்பத்துக்கு நான் உதவினேன். குடும்பத்தார் பதிவு செய்ய அனுமதித்தார்கள். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கியிருக்கிறேன். இடங்களும் பொது வரலாறும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

தேடலைத் தொடங்கியவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். மெக்பெர்சன் கவுண்டியில், யுரேகா என்ற சிற்றூருக்கு அருகே பிறந்து வளர்ந்தவர். குடும்பத்தின் முதல் குடியேறி இவருடைய கொள்ளுத்தாத்தா. 1885இல் மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் வந்து, அரசு கொடுத்த நிலத்தில் குடியமர்ந்தவர். அவரைப் பற்றி வீட்டில் வழங்கிய கதை சுருக்கமானது: ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தார், கெய்சரின், அதாவது ஜெர்மன் பேரரசரின், படையில் சேர மனமில்லாமல் ஓடி வந்தார், நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள்.

குடும்ப மாநாடு ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு சிறு நூல் அச்சிட வேண்டும் என்பது அம்மையாரின் விருப்பம். ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் ஏற்கெனவே லைப்சிக் நகரம் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் ஆய்வாளர் ஒருவருக்குப் பணம் கொடுத்துத் தேடி, லைப்சிக் நகரத் திருச்சபைப் பதிவேடுகளிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை நீளும் வம்ச வரைபடம் ஒன்றைத் தயாரித்திருந்தார். வரைபடம் அழகாக இருந்தது. கைவினைஞர்கள், ஒரு நகர்மன்ற எழுத்தர், ஒரு தோல் வணிகர் எல்லோரும் அதில் இருந்தார்கள். விவசாயி ஒருவர்கூட இல்லை. அம்மையாரை உறுத்தியது இதுதான். “எங்கள் வீட்டில் மண்ணைத் தவிர வேறொன்றும் தெரிந்தவர் கிடையாது. தோல் வணிகரின் பேரன் முதல் ஆண்டிலேயே புல்வெளியை உழுது கோதுமை விதைத்திருப்பாரா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதை ஆவணங்களிடம் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

தொடக்கத்தில் கையில் இருந்தவை

எல்லாவற்றையும் மேசையில் பரப்பியபோது கொள்ளுத்தாத்தாவின் பிறப்பிடம் பற்றி ஆறு சான்றுகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று முரண்பட்டன.

முதலாவது, குடும்ப பைபிள். கறுப்புத் தோல் உறை. பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே குடும்ப நிகழ்வுகளை எழுதுவதற்கான தாள்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தில், பழுப்பேறிய மையில், அவருடைய பெயர், பிறந்த நாள் 15 மார்ச் 1854, ஊர் லைப்சிக். அதற்குக் கீழே தாயின் முதற்பெயரும் தந்தையின் பெயரும். நாட்டின் பெயர் எழுதப்படவில்லை. அந்தப் பக்கத்தை முதலில் பார்த்தபோதே இதைத்தான் கவனித்தேன். எழுதியவருக்கு நாட்டைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. படிப்பவர்களுக்கு எந்த லைப்சிக் என்பது தெரியும் என்ற உறுதியில் எழுதியிருக்கிறார்.

இரண்டாவது, 1931இல் உள்ளூர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த மரணச் செய்தி. அதில்தான் முதன்முதலாக “லைப்சிக், ஜெர்மனி” என்று வருகிறது. மூன்றாவது, கல்லறைக்கல். பழைய கல் சிதைந்துபோனதால் 1960களில் பேரப்பிள்ளைகள் புதிதாக நட்டது. மரணச் செய்தியைப் பார்த்துப் பொறிக்கப்பட்டது.

மற்ற மூன்றும் அரசு ஆவணங்கள். 1900ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர் பிறந்த நாடு ரஷ்யா என்கிறது. 1915இல் மாநில அரசு எடுத்த கணக்கெடுப்பு அட்டை பிறப்பிடம் ரஷ்யா, வம்சாவளி ஜெர்மன் என்கிறது. 1930 கணக்கெடுப்பு ருமேனியா என்கிறது.

ஒரே மனிதருக்கு மூன்று நாடுகள். குடும்பம் அவற்றில் தனக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கணக்கெடுப்பாளரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட்டிருந்தது. பூர்வீகம் தேடும் பலரும் செய்வது இதுதான். ஆனால் இரு வேறு காலங்களில் இரு வேறு கணக்கெடுப்பாளர்கள் எழுதியதை ஒருசேரத் தவறு என்று சொல்ல வேண்டுமானால் வலுவான காரணம் வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

முதல் முடிவு: முரண்பாட்டைச் சான்றாக எடுத்துக்கொள்வது

1900இல் ரஷ்யாவாகவும் 1930இல் ருமேனியாவாகவும் இருந்த நிலம் எது? விடை குறுகியது. கருங்கடலுக்கு வடமேற்கே, புரூத் ஆற்றுக்கும் தினியெஸ்தர் ஆற்றுக்கும் இடைப்பட்ட பெசரேபியா. 1812ஆம் ஆண்டின் புக்காரெஸ்ட் உடன்படிக்கையில் ஒட்டோமான் பேரரசிடமிருந்து ரஷ்யாவுக்குப் போனது. 1918இல் ருமேனியாவோடு சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய எல்லைகளின்படி நாட்டைச் சொன்னதால்தான் 1930 கணக்கெடுப்பில் பெசரேபியாக்காரர்கள் பலர் ருமேனியாவில் பிறந்தவர்களாகத் தெரிகிறார்கள். இரண்டு கணக்கெடுப்பாளர்களும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

பெசரேபியாவில் ஒரு லைப்சிக் இருந்தது என்பது அந்த மக்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ரஷ்யப் பேரரசர் (ஜார்) முதலாம் அலெக்சாந்தர் 1813இல் விடுத்த அழைப்பை ஏற்று, வார்சா பகுதியில் இருந்த ஜெர்மானிய விவசாயிகள் பெசரேபியாவின் தெற்குப் புல்வெளிக்குக் குடிபெயர்ந்தார்கள். குடும்பத்துக்கு 60 தெசியாத்தின், அதாவது ஏறத்தாழ 65 ஹெக்டேர் நிலம், வழிபாட்டு உரிமை, சில ஆண்டுகளுக்கு வரிவிலக்கு, இராணுவ சேவையிலிருந்து விலக்கு. குடியிருப்புகளுக்கு நெப்போலியனை எதிர்த்து நடந்த போர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: போரோதினோ, தருதினோ, கூல்ம், பாரிஸ், பிரியென். 1813 அக்டோபரில் நடந்த பெரும்போரின் நினைவாக ஒன்றுக்கு லைப்சிக் என்று பெயர் வந்தது. அது 1815இல் தோன்றிய விவசாயக் கிராமம். இன்று செர்ப்னெவே என்ற பெயரில் உக்ரைனின் ஒதேசா மாகாணத்தில் இருக்கிறது. அதாவது, அந்த மனிதர் பிறந்த இடம் இன்று நான்காவது ஒரு நாட்டில் இருக்கிறது. மரணச் செய்தி சொன்ன நாட்டில் அது ஒருநாளும் இருந்ததில்லை.

இத்தனைக்கும் இது வெறும் கருதுகோள். பெயர் பொருந்துகிறது, நாடுகள் பொருந்துகின்றன, தொழில் பொருந்துகிறது. ஆனால் இந்த மனிதரை அந்தக் கிராமத்தோடு கட்டும் ஆவணம் ஒன்றும் இல்லை. சாக்சனி லைப்சிக்கையும் இதே மூன்று காரணங்களில் ஒன்றை வைத்துத்தான் ஏற்றார்கள். அதே வேகத்தில் இன்னொரு லைப்சிக்கை ஏற்றால் வேறுபாடு என்ன? ஆகவே இரண்டு வேலைகளை வரிசைப்படுத்தினோம். சாக்சனி வரைபடத்தில் இருந்த ஆள் நம் ஆள்தானா என்று முதலில் சோதிப்பது. பிறகு டகோட்டாவிலேயே தங்கி, அவர் யாரோடு வந்தார், யாருக்குப் பக்கத்தில் குடியிருந்தார் என்று பார்ப்பது. கடல் கடந்த பதிவேடுகளை அதற்குப் பிறகுதான் தொடுவது என்று உறுதியாக இருந்தோம்.

சாக்சனி வரைபடத்தைச் சோதித்தல்

வரைபடத்தின் அடித்தளம் ஒரே ஒரு ஞானஸ்நானப் பதிவு. பெயர் அதே பெயர். பிறந்த நாள் 11 மார்ச் 1854. பைபிளில் இருப்பதோ 15 மார்ச். நான்கு நாள் வேறுபாட்டை, பிறந்த நாளை யாரோ தவறாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்று சகோதரர் விளக்கியிருந்தார். குடும்பப் பெயர் ஜெர்மன் பேசும் எல்லா நாடுகளிலும் பரவலாக உள்ள ஒன்று, முதற்பெயரும் அப்படியே. பல்லாயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் அந்தப் பெயரோடு ஒருவர் கிடைப்பது வியப்புக்குரிய செய்தியே அல்ல.

அடையாளம் சரிதானா என்று பார்க்க நான் எப்போதும் கேட்கும் கேள்வி: இந்த ஆள் பிற்பாடு என்ன ஆனார்? வேறு நாட்டுக்குப் போனவர் என்றால் உள்ளூர்ப் பதிவேட்டில் அவருடைய திருமணமோ மரணமோ இருக்கக் கூடாது. அந்த ஆய்வாளரையே மறுபடி தொடர்புகொண்டு, பின்னோக்கி அல்ல, முன்னோக்கித் தேடச் சொன்னோம். விடை விரைவிலேயே வந்தது. அந்த மனிதர் லைப்சிக்கிலேயே மணம் முடித்து, 1891இல் அங்கேயே இறந்திருக்கிறார். மரணப் பதிவில் பெற்றோர் பெயரும் பிறந்த நாளும் அப்படியே பொருந்துகின்றன. நம் விவசாயி 1892இல் டகோட்டாவில் நில உரிமைக்காகச் சத்தியம் செய்து கையெழுத்திட்டிருக்கிறார். இருவரும் ஒருவராக இருக்க வழியில்லை.

சகோதரருக்கு இது எளிதாக இல்லை. பணமும் பல ஆண்டு உழைப்பும் அதில் இருந்தன. அவருடைய உழைப்பில் குறை ஏதும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்: தோண்டிய இடத்தில் ஒழுங்காகவே தோண்டியிருக்கிறார். இரண்டு மரண ஆண்டுகளையும் ஒரே தாளில் எழுதி அம்மையார் அவரிடம் காட்டினார். விவாதம் எதுவும் நடக்கவில்லை. சிறிது காலம் கழித்து அவரே தேடலில் சேர்ந்துகொண்டார்.

நிலக் கோப்பு

இந்த வழக்கில் மிகப் பயனுள்ள ஆவணம் எது என்று கேட்டால், அது ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் இல்லை. வாஷிங்டனில், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரு கோப்பு.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, குடிமகனோ குடிமகனாகும் விருப்பத்தைப் பதிவு செய்தவரோ 160 ஏக்கர் அரசு நிலத்தைக் கோரலாம். ஐந்து ஆண்டுகள் அதில் குடியிருந்து உழுது பயிரிட்டால், சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தமாகும். ஆனால் அவற்றைச் செய்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கப்போகும் தேதியையும் சாட்சிகளின் பெயர்களையும் பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரண்டு அண்டைவீட்டார் சாட்சி சொல்ல வேண்டும். குடியுரிமைத் தாள்களின் நகலை இணைக்க வேண்டும். இவ்வளவும் ஒரே கோப்பில் தங்கிவிடுகின்றன. பூர்வீகம் தேடுவோர் பலர் நிலப் பட்டாவின் நகலோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டாவில் பெயரும் நில எல்லையும் மட்டுமே இருக்கும். கோப்பில் மனிதர் இருக்கிறார்.

நகல் வந்ததும் சாட்சியப் படிவத்தைத்தான் முதலில் படித்தோம். அச்சிட்ட கேள்விகள், எழுத்தர் கையால் நிரப்பிய விடைகள். களிமண் செங்கல் வீடு, 16 அடிக்கு 40 அடி, அதன் ஒரு பாதி தொழுவம். கல் கட்டிய கிணறு ஒன்று. உழுத நிலம் 70 ஏக்கர். கோதுமை, ஆளி, சிறிது உருளைக்கிழங்கு. குடியிருந்த காலத்தில் நிலத்தை விட்டு வெளியே இருந்ததுண்டா என்ற கேள்விக்கு, முதல் இரண்டு அறுவடைக் காலங்களில் கூலி வேலைக்காகத் தெற்கே போனதாகவும், மனைவியும் குழந்தைகளும் நிலத்திலேயே இருந்ததாகவும் விடை. அந்த இரண்டு பருவங்களிலும் தனியாக இருந்த பெண்ணைப் பற்றி வீட்டில் எந்தக் கதையும் வழங்கவில்லை. அம்மையார் அந்த வரியில் நெடுநேரம் நின்றார். அடியில் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து, பைபிளில் உள்ள அதே எழுத்தில்.

வீட்டு அமைப்பும் ஒரு சான்றுதான். மனிதரும் மாடும் ஒரே நீண்ட கூரையின் கீழ் இருப்பதும், மரம் இல்லாத வெளியில் களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துச் செங்கல் அறுத்து வெயிலில் காயவைத்துக் கட்டுவதும் கருங்கடல் கரை ஜெர்மானியர் டகோட்டாவுக்குக் கொண்டுவந்த பழக்கம். எரிபொருளும் அங்கே பழகியதுதான்: சாணத்தையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்து, துண்டுபோட்டுக் காயவைத்த வறட்டி. பெருநகரத்திலிருந்து நேராக வந்தவருக்கு இந்தக் கைவேலை தெரிந்திருக்க நியாயமில்லை. 1888 ஜனவரி 12 அன்று அந்தப் புல்வெளி முழுவதையும் தாக்கிய பனிப்புயலில் பள்ளிப் பிள்ளைகள் உட்பட எத்தனையோ பேர் மடிந்தார்கள். இந்தக் குடும்பம் அந்தக் குளிர்காலத்தை அந்த மண்வீட்டில், அந்த வறட்டித் தணலில்தான் கழித்திருக்கிறது.

குடியுரிமைத் தாள் அடுத்தது. குடிமகனாக விரும்புகிறவர் தன் பழைய அரசருக்குரிய விசுவாசத்தைக் கைவிடுவதாக எழுதித் தர வேண்டும். இவர் கைவிட்டது ரஷ்யப் பேரரசரை. ஜெர்மனியின் கெய்சர் எங்கும் வரவில்லை. நான்காவது அரசு ஆவணமும் பெசரேபியாவின் பக்கம் சாய்ந்தது.

சாட்சிகளின் வழியே

கோப்பில் இருந்த இரண்டு சாட்சிகளில் ஒருவர் பக்கத்து நிலத்துக்காரர். அவரை நம் ஆளைப் போலவே முழுமையாகத் தேடுவது என்று முடிவு செய்தோம். குடும்பத்தாருக்கு இது சுற்றுவழியாகப் பட்டது. “அவர் நமக்கு யாரும் இல்லையே” என்றார்கள். ஆனால் இத்தகைய விவசாயிகள் தனித்தனியாகப் புறப்படவில்லை. ஒரே ஊரிலிருந்து, ஒரே சபையிலிருந்து, உறவுக்காரர்களாகச் சேர்ந்து வந்து பக்கத்துப் பக்கத்து நிலங்களைக் கோரினார்கள். ஒருவருடைய தாள் மௌனமாக இருக்கும் இடத்தில் அண்டைவீட்டாருடையது பேசும்.

பேசியது. அந்தச் சாட்சி 1920களில் இறந்தபோது ஜெர்மன் மொழிப் பத்திரிகை ஒன்றில் மரணச் செய்தி வந்திருந்தது. 1874இல் யாங்க்டனில் தொடங்கிய டகோட்டா ஃப்ரையெ பிரஸ் போன்ற பத்திரிகைகள் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்களுக்கு ஊர்ச் செய்தி சுமந்தவை. பெசரேபியாவிலிருந்தும் ஒதேசா பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்கள் அவற்றில் வாரந்தோறும் வரும். அவற்றின் மரணச் செய்திகள் ஆங்கிலப் பத்திரிகைகளைக் காட்டிலும் மிகவும் துல்லியமானவை, ஏனென்றால் வாசகர்களுக்கு அந்த ஊர்கள் தெரியும். சாட்சியின் பிறப்பிடம் அதில் “லைப்சிக், பெசரேபியா” என்று இருந்தது. 1885இல் வந்தார் என்றும் இருந்தது. நம் குடும்பம் வந்த ஆண்டு.

இனிக் கப்பல். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல்கள் 1850 முதல் எஞ்சியிருக்கின்றன. புறப்பட்டவர்களின் கடைசி ஊரையும் அவை சொல்கின்றன. (பிரேமன் வழியாகப் போயிருந்தால் வழி அடைபட்டிருக்கும், அந்தத் துறைமுகத்தின் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.) குடும்பப் பெயரில் தேடி ஏற்கெனவே தோற்றுப்போயிருந்தார்கள். சாட்சியின் பெயரில் தேடியபோது கிடைத்தது. அவருக்கு அடுத்த வரிகளில், முதல் எழுத்தே மாறிப் படியெடுக்கப்பட்ட பெயரில், நம் குடும்பம். கணவர், மனைவி, மூன்று குழந்தைகள்; வயது அத்தனையும் பொருந்தின. ஊர் லைப்சிக், நாடு ரஷ்யா. அவர்கள் நியூயார்க்கில் இறங்கியது அப்போதைய குடியேற்ற நிலையமான காசில் கார்டனில். எல்லிஸ் தீவு நிலையம் 1892இல்தான் திறந்தது. பெயரின் எழுத்து மாறியது பிள்ளைகளின் பள்ளிப் பதிவில் என்பதும் பின்னர் தெரிந்தது.

ஞானஸ்நானப் பதிவும் பன்னிரண்டு நாட்களும்

கருங்கடல் பகுதியின் லுத்தரன் சபைகள் தம் பதிவேடுகளின் நகலை ஆண்டுதோறும் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த திருச்சபை ஆட்சிமன்றத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஊர்களில் இருந்த மூலங்கள் பல அழிந்தாலும் 1833 முதல் 1885 வரையிலான அந்த நகல்கள் தப்பிவிட்டன. 1854ஆம் ஆண்டுத் தொகுதியில், லைப்சிக் கிராமத்தில், அந்தப் பெயரில் ஒரு குழந்தை. பிறந்த நாள் 3 மார்ச்.

பைபிளில் 15 மார்ச். மீண்டும் ஒரு வேறுபாடு. சாக்சனிப் பதிவின் நான்கு நாட்களைவிடப் பெரியது. ஆனால் ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அது கிரிகோரியன் நாட்காட்டிக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் பின்தங்கியிருந்தது. மூன்றோடு பன்னிரண்டைக் கூட்டினால் பதினைந்து. அமெரிக்கா வந்த பிறகு தன் பிறந்த நாளைப் புதிய கணக்குக்கு மாற்றித் தானே பைபிளில் எழுதியிருக்கிறார். நான்கு நாள் வேறுபாட்டுக்கு யாரோ மறந்திருக்க வேண்டும் என்று ஊகிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஊகம் தேவைப்படவில்லை.

நாள் மட்டும் போதாது என்று மேலும் பார்த்தோம். தந்தையின் பெயர் பைபிளோடு பொருந்தியது. தாயின் முதற்பெயரும் பொருந்தியது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் பட்டியலில் இருந்த ஒரு பெண், டகோட்டாவில் சாட்சி சொன்ன அண்டைவீட்டாரின் தாய். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, கடலுக்கு அப்பால், அவருடைய மகன் இந்தக் குழந்தைக்காக நில அலுவலகத்தில் சத்தியம் செய்திருக்கிறார். இந்த இடத்தில்தான் அடையாளம் நிறுவப்பட்டதாக எழுதிக்கொண்டோம்.

படையிலிருந்து தப்பி ஓடிய கதை? குடியேறிகளின் சலுகைகளை 1871இல் ஜார் அரசு நீக்கியது. 1874இல் கட்டாய இராணுவ சேவை வந்தது. அந்த ஆண்டுகளிலிருந்துதான் ரஷ்ய ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். ஆனால் இவர் புறப்பட்டபோது வயது முப்பத்தொன்று, மூன்று பிள்ளைகளின் தந்தை. படைக்கு ஆள் எடுக்கும் வயது கடந்துவிட்டது. பிள்ளைகளை எண்ணிப் புறப்பட்டிருக்கலாம். பெருகிய குடும்பங்களுக்கு நிலம் போதாமல் புறப்பட்டிருக்கலாம். நூலில் அதைக் குடும்பக் கதை என்றே குறிப்பிட்டோம், நிகழ்ந்ததாக எழுதவில்லை.

ரஷ்யா எப்படி ஜெர்மனியானது

பிறந்த ஊரைப் பற்றி அவர் ஒருபோதும் பொய் சொல்லவில்லை. கணக்கெடுப்பாளர்களிடம் ரஷ்யா என்றார், ருமேனியா என்றார், இரண்டும் உண்மை. மாற்றம் அடுத்த தலைமுறையில் நடந்தது. 1918இல் தெற்கு டகோட்டாவின் பாதுகாப்புக் குழு பள்ளியிலும் பொது இடங்களிலும் ஜெர்மன் மொழியைத் தடை செய்தது. வழிபாட்டு மொழி பறிபோனது. பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். போல்ஷெவிக் புரட்சிக்குப் பிறகு ரஷ்யா என்று சொல்வதும் சங்கடமானது. 1931இல் மரணச் செய்தி எழுதிய ஆங்கிலப் பத்திரிகைக்காரருக்குத் தெரிந்த லைப்சிக் ஒன்றே ஒன்று. மறுக்க வேண்டியவர்களுக்கு மறுக்கும் மனமோ அறிவோ இல்லை. இது என் அனுமானம்தான். ஆனால் மொழியைத் தடுத்தால் ஒரு குடும்பத்தின் நினைவிலிருந்து எதெல்லாம் உதிரும் என்பதை இந்த ஆவணங்களில் வரிவரியாகப் பார்க்க முடிந்தது. அதைப் பார்ப்பது வேதனையாக இருந்தது.

தங்கிவிட்டவர்கள்: கடினமான முடிவு

ஞானஸ்நானப் பதிவேடுகளில் கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஒருவர் கிடைத்தார். அவர் கிராமத்திலேயே தங்கிவிட்டார். 1940 ஜூனில் சோவியத் படை பெசரேபியாவுக்குள் நுழைந்தது. அந்த இலையுதிர்காலத்தில், ஜெர்மனியும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 93,000 பெசரேபிய ஜெர்மானியர்கள் 125 ஆண்டு வாழ்ந்த ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களைக் குடியமர்த்திய நாஜி அலுவலகம் ஒவ்வொருவரின் முன்னோர் விவரத்தையும் கேட்டுப் பதிந்தது. அக்கோப்புகளின் நுண்படம் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இருக்கிறது. தங்கையின் பேரன் ஒருவரின் கோப்பு நம் பதிவுகளை மறுபக்கத்திலிருந்து உறுதிசெய்தது.

கூடவே இன்னொன்றையும் சொன்னது. அந்தப் பேரனின் குடும்பத்துக்கு ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஒரு பண்ணை ஒதுக்கப்பட்டது. அத்தகைய பண்ணைகள் போலந்து விவசாயிகளை விரட்டிவிட்டுப் பறித்தவை. குடும்பத்தில் சிலர் இதை நூலில் சேர்க்க வேண்டாம் என்றார்கள். “இறந்துபோனவர்களை ஏன் இழுக்க வேண்டும்?” என்பது அவர்களுடைய கேள்வி. அம்மையார் வேறுவிதமாக நினைத்தார்: மண்ணோடு வாழ்ந்தவர்கள் என்று பெருமையாக எழுதும் நூலில், மண்ணை இழந்த இன்னொரு விவசாயக் குடும்பம் இல்லாமல் போகக் கூடாது. நானும் அவர் பக்கம் நின்றேன். ஜெர்மனியில் வாழும் உறவினர்களைக் கண்டுபிடித்து, கோப்பின் நகலை முதலில் அவர்களுக்கு அனுப்பி, அவர்கள் சம்மதித்த பிறகு, பெயர்கள் இல்லாமல் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். அவர்களில் மூத்தவர் ஒருவர், 1945 ஜனவரியில் பனியில் வண்டிகட்டிக்கொண்டு மேற்கே ஓடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அதுவும் சேர்ந்தது.

விளைவு

நூல் மாநாட்டுக்கு முன் வந்துவிட்டது. கல்லறைக்கல்லை மாற்றவில்லை, அதுவும் 1960களின் பேரப்பிள்ளைகள் என்ன நம்பினார்கள் என்பதன் ஆவணம்தான். அடியில் ஒரு சிறு வெண்கலத் தகடு பதித்து ஊரையும் நாட்டையும் திருத்தினார்கள். சகோதரர் இணையத்தில் இருந்த தம் வரைபடத்தை நீக்கினார். அதற்குள் அது பலருடைய வரைபடங்களுக்குப் படியாகியிருந்தது. எழுதிக் கேட்டதில் சிலர் திருத்தினார்கள், பலர் பதில் போடவில்லை.

ஜெர்மனியில் எந்த ஊர் என்ற முதல் கேள்விக்கு இன்னும் விடை இல்லை. கொள்ளுத்தாத்தாவின் தாத்தா 1840களில் பெசரேபியாவில் இறந்தபோது, மரணப் பதிவு பிறப்பிடத்தைப் போலந்து என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு முந்தைய தலைமுறை, பிரஷ்யா போலந்தின் பகுதிகளை எடுத்துக்கொண்ட 1790களில் அங்கே வந்ததா, அதற்கும் முன்பா என்பது தெரியவில்லை. மாநாட்டில் சிலருக்கு இது ஏமாற்றம்தான். நூலில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை என்ன மாறும்

நிலக் கோப்பை முதல் வாரத்திலேயே வரவழைப்போம். தேடலைத் திருப்பிய ஒவ்வொரு திருப்பமும் அதிலிருந்துதான் கிளைத்தது. அதன் செலவோ சாக்சனித் தேடலில் ஒரு சிறு பங்கு. அண்டைவீட்டாரையும் ஞானப்பெற்றோரையும் சாட்சிகளையும் தொடக்கத்திலிருந்தே தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் ஒருவரைச் சேர்க்கும் முன், அதே பெயருள்ள மற்றவர் எங்கே, எப்போது இறந்தார் என்று பார்ப்பதைக் கட்டாயமாக்குவோம். வயதானவர்களிடம் ஊரின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், யாரோடு சேர்ந்து வந்தார்கள் என்றும் கேட்போம். அம்மையாரின் அத்தை உயிரோடு இருந்தபோது அந்தச் சாட்சிக் குடும்பத்தை நன்றாக அறிந்திருந்தார், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள் தமிழ்நாட்டில் ஊர் தேடும்போதும் இதே சிக்கல் எழுகிறது. கப்பல் பதிவேட்டில் ஜில்லா, தாலுகா, ஊர் என்று இருக்கும். ஆனால் அந்த ஊர் ஒரு புதுப்பட்டியாகவோ நல்லூராகவோ இருந்தால், அதே பெயரில் எத்தனையோ ஊர்கள் உண்டு. அங்கேயும் அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் ஏறியவர்களைச் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி.

இப்போது சகோதரர் போலந்தின் லுத்தரன் சபைப் பதிவேடுகளை, 1815க்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து பார்த்துவருகிறார். குடும்பப் பெயரோடு சாட்சியின் குடும்பப் பெயரையும் சேர்த்தே தேடுகிறார்.